உட்காரக் கூடாத மரியாதை

எங்கள் ஊர் கொக்குகள் பேஸ்பால் கிளப்பில் ஒரு ஆளை மறப்பதற்குக் குழு எதுவும் கிடையாது. அது தன்பாட்டில் நடந்துவிடும். நினைத்துப் பார்ப்பதற்குத்தான் குழு வேண்டும். அதற்கு மரபு மற்றும் மாண்புக் குழு என்று பெயர். தலைவர் பிராட்ஃபோர்டு லாசிட்டர். பேஸ்பால் மட்டையை அவர் கையில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ரிப்பன் வெட்டுகிற அந்தப் பெரிய கத்தரியை அவர் பிடிக்கும் நேர்த்தியைப் பார்த்தால், மனிதர் இதற்கென்றே பிறந்தவர் என்று தோன்றும்.

ஆர்லன் ப்ரூசாக்குக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு நோரீன் கெஸ்லர் போனது இந்தக் குழுவிடம்தான். நோரீன் எங்கள் டாலன்பர்க்கின் மெயின் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். ஆர்லனின் ரசிகை. ரசிகை என்றால் சாதாரண ரசிகை இல்லை. அவரைப் பற்றித் தெரியாத ஆள் முடிவெட்ட உட்கார்ந்தால், வெட்டி முடிப்பதற்குள் தெரிந்துகொண்டுதான் எழுந்திருப்பார்.

ஆர்லன் ஒரு காலத்தில் கொக்குகள் அணிக்கு ஆடியவர். அவர் மட்டை பந்தைத் தொட்டது குறைவு. பந்து அவரைத் தொட்டதுதான் அதிகம். எறிகிற பந்து ஆட்டக்காரரின் உடம்பில் பட்டுவிட்டால், அவர் ஓட்டப் பாதையின் முதல் நிறுத்தமான முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம் என்பது விதி. மற்றவர்கள் பந்து உடம்புக்கு வந்தால் குனிவார்கள், துள்ளுவார்கள். ஆர்லன் தோளை லேசாகத் திருப்பி வாங்கிக்கொள்வார். மட்டையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, பட்ட இடத்தைத் தடவக்கூடச் செய்யாமல், தபால்பெட்டி வரைக்கும் போய்வருகிற ஆள்போல முதல் தளத்துக்கு நடப்பார். கண்ணாடித் தொழிற்சாலையில் நாள்பூராவும் சூளைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நடை அப்படிப் பிடித்துப்போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு அவர் முதல் தளத்துக்கு நேர் எதிரே, கீழ் அடுக்கில், நடைவழி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லா ஆட்டங்களையும் பார்த்துவந்தார். வாங்கிய அடியில் இடது கால் மடங்காது. அதை நடைவழியில் நீட்டிக்கொள்ள வேண்டும். சின்ன வயது ஆட்டக்காரன் எவனாவது பந்துக்குப் பயந்து ஒதுங்கினால், "நகராதே, வாங்கிக்கோ" என்று ஒரு குரல் கொடுப்பார். எங்கள் பகுதி முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். ஆட்டக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி நிமிர்ந்து நிற்பான். அவருக்கு எண்பத்தோரு வயது. மனிதர் இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவருக்கு நேர் பின் வரிசை.

நோரீன் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குத் தெரிந்தவர்களில் என்னிடம்தான் கழுத்துப்பட்டி இருந்தது.

லாசிட்டர் எங்களை எழுந்து நின்று வரவேற்றார். "ப்ரூசாக் அவர்கள் மேல எங்களுக்கு அளவு கடந்த மரியாதை மேடம். அதனாலதான் அவசரப்பட மாட்டேங்கறோம்."

"அவருக்கு எண்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் எவ்வளவு நாள் நிதானமா இருக்கப் போறீங்க?" என்றாள் நோரீன்.

"அதுல ஒரு சௌகரியம் இருக்கு. உயிரோட இருக்கறவங்க விழாவுக்கு வந்துடறாங்க. வந்தா பேசறாங்க. என்ன பேசுவாங்கன்னு நமக்குத் தெரியறதில்லை. காலமானவங்க விஷயத்துல குழுவுக்கு அந்த மாதிரி சங்கடமே வந்ததில்லை." இதைச் சொல்லிவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "அதோட அவர் செஞ்சதுன்னு என்ன இருக்கு, சொல்லுங்க. பந்து பட்டுது. எறிஞ்சது யாரு? எதிரணி. நியாயமாப் பார்த்தா அந்தச் சாதனை கழுதைங்களோடது."

கழுதைகள் என்பது பக்கத்து ஊரான க்ராஃப்டனின் அணி. எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது.

"அவர் சட்டை நம்பர் பதினேழு. அதையாவது வேற யாருக்கும் குடுக்காம ஓய்வு குடுத்துடுங்க. சுவத்துல எழுதி வைங்க. எல்லா ஊர்லயும் செய்யறதுதானே," என்றாள் நோரீன்.

"பதினேழுக்கு ஏற்கெனவே ஓய்வு குடுத்தாச்சே மேடம்."

"யாருக்காக?"

"கிரெபல் சாசேஜுக்காக. பதினேழு மசாலா சேர்க்கறாங்க இல்லையா."

கிரெபல் எங்கள் கிளப்புக்குப் பணம் போடுகிற சாசேஜ் கம்பெனி. மைதானத்தின் பெயரே கிரெபல் சாசேஜ் மைதானம்தான். இடது பக்கச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் அந்தப் பதினேழைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ நான் பார்க்காத காலத்து ஆட்டக்காரர் என்று நினைத்து நான் தொப்பியைக் கழற்றியிருக்கிறேன்.

நோரீன் விடவில்லை. கையெழுத்து வேட்டையில் இறங்கினாள். தலையில் சாயம் பூசிக்கொண்டு, அது காயும்வரை எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். நகரத் தலைவரின் மனைவி பாதித் தலை சிவப்பும் பாதித் தலை நரையுமாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், நோரீன் சீப்பைக் கீழே வைத்துவிட்டு ஆர்லனைப் பற்றி நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். மறுவாரமே லாசிட்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்பர்ங்கறது என்ன, துணியில தைக்கறது," என்று அவர் ஆரம்பித்தார். "நாற்காலி அப்படி இல்லை. கான்கிரீட்ல முடுக்கியிருக்கு. ப்ரூசாக் அவர்கள் உட்கார்ற நாற்காலிக்கு ஓய்வு குடுக்கறதா குழு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. தங்க நிறத்துல வர்ணம் அடிச்சு, சங்கிலி போட்டு, பித்தளைப் பலகை வைப்போம். இனி எந்தக் காலத்திலயும், யாரும், அந்த நாற்காலில உட்கார மாட்டாங்க."

நோரீன் அழுதுவிட்டாள். நான் கைதட்டினேன். மரியாதை என்றாலே ஒரு நம்பரையோ பொருளையோ பூட்டிவைத்து, இனி யாரும் தொடக் கூடாது என்று அறிவிப்பதுதான் எங்கள் பழக்கம். பூட்டிப் பூட்டிக் கை பழகிவிட்டது. இந்தத் தடவை பூட்டப்போகிற பொருளின் மேல் ஒரு மனிதர் இன்னும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறார் என்பது அந்த அறையில் இருந்த ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

விழா நன்றாகவே நடந்தது. லாசிட்டர் தன் குழுவின் தொலைநோக்கைப் பற்றி வெகுநேரம் பேசினார். கொக்கு வேஷம் போட்டவன் வெயில் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். ஆர்லன் ஒலிபெருக்கி முன்னால் வந்து, "நன்றிங்க. ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்றார். பிறகு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் படியிறங்கித் தன் நாற்காலிக்கு வந்தார்.

எங்கள் பகுதியில் டிக்கெட் பார்த்து இடம் காட்டுகிறவன் கர்டிஸ். அத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் தன் தொப்பியைப் போட்டுப் பிடித்துவைத்தவனும் அவன்தான். இப்போது சங்கிலிக்கு முன்னால் சங்கடத்தோடு நின்றான்.

"ஆர்லன், கொஞ்சம் நில்லுப்பா."

"கால் வலிக்குது கர்டிஸ். உட்கார்ந்துட்டுப் பேசறேன்."

"அதான் விஷயமே. உட்கார முடியாது."

"ஏன், பெயிண்ட் காயலையா?"

"காஞ்சாச்சு. பலகையில போட்டிருக்கே, யாரும் உட்காரக் கூடாதுன்னு. உன் ஞாபகார்த்தமாம்."

"நான் இங்கதானேடா நிக்கறேன்."

"எனக்குத் தெரியுது. பலகைக்குத் தெரியலையே."

நோரீன் லாசிட்டரிடம் ஓடினாள். அவர் பொறுமையாக விளக்கினார். "இன்னிக்கு ஆர்லன் ப்ரூசாக்கை விட்டா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து நானும் ஆர்லன் ப்ரூசாக்னு சொல்லுவார். அதெல்லாம் கிடக்கட்டும் மேடம். ஆர்லன் ப்ரூசாக் பேர்ல இருக்கற புனிதமான ஒரு இடத்துல இவர் போய் வேர்க்கடலைத் தொலியைப் போட்டா, யாருக்கு அவமானம்? அவருக்குத்தானே?"

அவரை நிற்க வைத்துவிட்டார்கள் என்று பேர் வரக்கூடாது என்பதற்காக, மேல்மாடியில் கண்ணாடி போட்ட விருந்தினர் அறையில் மெத்தை நாற்காலி கொடுத்தார்கள். நோரீனும் நானும் கூடப் போனோம். இறால் வைத்திருந்தார்கள். சாசேஜ் கம்பெனி முதலாளியின் மருமகப்பிள்ளைகள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோல்ஃப் பற்றிப் பேசினார்கள். கண்ணாடி வழியாக எந்தச் சத்தமும் உள்ளே வராது, உள்ளே இருக்கிற சத்தமும் வெளியே போகாது. மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் பையன் ஒருவன் பந்துக்குப் பயந்து பின்வாங்கியபோது ஆர்லன் பழக்கதோஷத்தில், "நகராதே, வாங்கிக்கோ" என்று குரல் கொடுத்தார். தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறுகிற பெண் அப்படியே நின்று, அவருக்கு இன்னொரு இறால் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. எனக்கு முன்னால் தங்கநிற நாற்காலி சங்கிலியோடு பளபளத்தது. குடும்பம் குடும்பமாக வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் ஆட்டம் பாதியில் நோரீன் காரில் வைத்திருந்த ஸ்வெட்டரை எடுக்கப் போனாள். மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்தின் கோடியில் ஆர்லனின் பழைய பிக்-அப் வண்டி நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு, இடது காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அவள் என்னை வந்து கூட்டிப் போனாள்.

"இங்க என்ன பண்றீங்க ஆர்லன்?" என்றாள்.

"சத்தம் கேக்குது இங்க. ரேடியோவையும் போட்டுக்கறேன். பரவாயில்லை, ஓரளவுக்குத் தெரியுது."

"எல்லாம் என்னாலதான்."

"நீ நல்லதுதானேம்மா பண்ணினே. அதான் சிக்கல், கோவப்படவும் முடியல. ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அந்த நாற்காலில எனக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருந்துது."

நோரீன் திரும்பி நடக்கும்போது ஸ்வெட்டரைப் பிசைந்து பந்தாகச் சுருட்டியிருந்தாள். ஒரு மனிதருக்குப் பிடித்தமான ஒரே இடத்தை, அவர் மேல் உள்ள பிரியத்தாலேயே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டோம் என்று எனக்கு நெஞ்சை அறுத்தது.

மறுநாளே குழுவுக்கு முன்னால் போய், கொடுத்த மரியாதையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். லாசிட்டர் அதிர்ந்துபோனார். மரியாதை கேட்டு வருபவர்களை அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று வந்தவள் இவள்தான்.

"அதுக்கு வழியே இல்லை மேடம். களங்கம் வந்தா மட்டும்தான் திரும்பப் பெறலாம்."

"களங்கம்னா? குடிச்சுட்டு வண்டி ஓட்டறதா?"

"சேச்சே, அது தனிப்பட்ட விஷயம். இதோ, சுவத்துல இருக்கற நாலாம் நம்பர் அப்படித்தானே."

"திருட்டு?"

"வழக்கு நடக்கறப்ப நாம கருத்துச் சொல்றதில்லை. எட்டாம் நம்பர்."

"பின்ன எதுதான் களங்கம்?"

"நம்ம குடும்பத்து மனசை நோகடிக்கறது."

"ரசிகர்களையா?"

"இல்லை மேடம்," என்றார் லாசிட்டர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "பணம் போடற ஆதரவாளர்களை. ரசிகர்கள் எப்படியும் வந்துடுவாங்க."

நோரீன் இதில் பாதியைத்தான் காதில் வாங்கினாள். களங்கம் வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றுகிற முதல் களங்கம்தான் அவளுக்கும் தோன்றியது. அடுத்தது கழுதைகளோடு ஆட்டம். மரியாதை பெற்றவர் என்ற முறையில் ஆர்லன் முதல் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். அப்போது கழுதைகளின் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகட்டும் என்றாள்.

தொப்பியைக் கையில் வாங்கிய ஆர்லன் அதைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல விளிம்பில் பிடித்தார். "நோரீன், இவனுங்க எறிஞ்ச பந்தோட தையல் என் விலாவுல இன்னும் தெரியுது. காட்டட்டுமா?"

"வேண்டாம். போட்டுக்கோங்க. ஒரு நாள்தான்."

போட்டுக்கொண்டு போனார். மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்தது. நானே கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு க்ராஃப்டன்காரர்கள் பேருந்து பேருந்தாக டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். அவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்ய, லாசிட்டர் அதைப் பார்த்தார், டிக்கெட் கவுண்ட்டரைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "பகைவர் தொப்பியையும் சூடும் பண்பு இது" என்று முழங்கினார். அடுத்த ஆட்டத்தில் ஆர்லனுக்குப் பெருந்தன்மை விருது என்று அங்கேயே அறிவித்தார். நாற்காலியில் இரண்டாவது பலகையும் ஏறிற்று. சங்கிலியும் தடிமனானது.

நோரீன் உடைந்துபோனாள். "இனி என்ன பண்றது?" என்று கேட்டாள். ஆர்லன் தாடையைத் தடவிக்கொண்டு, "நீ போதும்மா. இனி நான் பார்த்துக்கறேன்," என்றார்.

விருது நாள் வந்தது. கிரெபல் கம்பெனிதான் விருதைக் கொடுத்தது. முதலாளியே வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். லாசிட்டர், படம் எடுப்பதற்காக, ஆர்லன் கையில் சூடான சாசேஜ் வைத்த ஒரு ரொட்டியைக் கொடுத்தார். ஆர்லன் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் போதும். அவர் ஒரு கடி கடித்தார். நிதானமாக மென்றார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

"இவ்வளவு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. இது நல்லாவே இல்லைங்க. பதினேழு மசாலான்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணுகூடத் தெரியல. கழுதைங்க ஊர்ல விக்கறாங்க பாருங்க, அதுதான் சாசேஜ்."

 மைதானத்தின் எல்லா மூலையிலிருந்தும் "ஊ" என்ற எதிர்ப்புக் கூச்சல் கிளம்பிற்று. தொப்பியைப் பொறுத்துக்கொண்ட ஊர் இது. ஆனால் க்ராஃப்டனில் ஏதோ ஒன்று நம்முடையதைவிட நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதை அதனால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி சாசேஜைக் குப்பைத்தொட்டியில் போடுகிறவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள்.

சாதாரணமாகப் பதினாறு வாரம் எடுத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருகிற குழு, அன்றைக்கு ஆட்டக்காரர்கள் களத்துக்கு வருவதற்குள் கூடி, விவாதித்து, ஒருமனதாக முடிவெடுத்தது. லாசிட்டர் குரல் தழுதழுக்கப் பேசினார். "எத்தனையோ பலவீனங்களை இந்தக் குழு மன்னிச்சிருக்கு. மனுஷங்கதானே. ஆனா எந்தக் கை நமக்கு ஊட்டுதோ, அந்தக் கையோட மசாலாவை எண்ணிக் காட்டறதை மன்னிக்க முடியாது. ஆர்லன் ப்ரூசாக்குக்குத் தந்த எல்லா மாண்பும் இந்த நிமிஷத்துல இருந்து ரத்து." முதலாளி தலையசைத்தார்.

ஆர்லன் படியிறங்கி வந்தார். வழி நெடுக இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்தினார்கள். கர்டிஸ் ஒரு ஸ்பானரோடு வந்து இரண்டு பலகைகளையும் கழற்றி, சங்கிலியை எடுத்துவிட்டு, கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தான்.

"வாழ்த்துகள் ஆர்லன். இப்ப நீ யாரும் இல்லை. உட்காரு."

அவர் உட்கார்ந்து இடது காலை நடைவழியில் நீட்டினார். கூச்சல் ஓயவில்லை. பக்கத்து நாற்காலியில் நோரீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். இந்த ஊர் இவரைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும் என்பதற்காக ஒரு வசந்தகாலம் முழுக்க அலைந்தவள் அவள். அந்த ஊர் இப்போது அவர் முகத்துக்கு நேராகக் கத்துவதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. 

"நான் எல்லார்கிட்டயும் போய்ப் பேசறேன்," என்றாள் அவள் விம்மலோடு. "மறுபடி கையெழுத்து வாங்கறேன். நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு..."

"கையெழுத்துன்னு இன்னொரு வார்த்தை சொன்னே, நான் க்ராஃப்டனுக்கே குடிபோயிடுவேன்." அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். "எதுக்கு அழறே? காது குடுத்துக் கேளு. ஆடறவனைப் பார்த்துத்தான்மா ஊ போடுவாங்க. செத்தவனைப் பார்த்து எவனும் போட மாட்டான். மேல கண்ணாடிக்குள்ள இருந்தப்ப எல்லாரும் என்னைப் பார்த்து எவ்வளவு மெதுவாப் பேசினாங்க தெரியுமா? நான் செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

நோரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, சுற்றி நடக்கிற கூச்சலை நல்ல மழையைப் பார்க்கிற ஆள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். விழாவன்றுகூட அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அவள் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பக்கம் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அந்தப் பகுதியிலேயே எல்லாரையும்விடப் பலமாக, மூச்சு தீரும்வரைக்கும் அவரைப் பார்த்து "ஊ" என்று கத்தினாள்.